கணக்கில் வராத வருஷம்

கால்டர் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி கடைசியாக ஒரு கோப்பையைத் தூக்கியபோது இந்தக் கடையில் சவரக்கத்தி பிடித்துக்கொண்டிருந்தவர் என் அப்பா. இப்போது கடை என்னுடையது. நடுவில் எங்கள் கோட்டான்கள் ஜெயிக்கவில்லையே தவிர, ஒரு வருஷம்கூட நம்பிக்கை இல்லாமல் இருந்ததில்லை. (கோட்டான்கள் என்பது அணியின் பெயர். சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள்.) வெளியூர்க்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்கிறார்கள். உங்கள் ஊர் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் உட்கார முடியுமா என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். எங்கள் ஊரின் மொத்த ஜனமே அதில் பாதிதான்.

வேட் டாலிவர் ஜனவரிப் பனியில் ஒரு பழைய பிக்கப் வண்டியில் வந்து சேர்ந்தான். அவன் குவார்ட்டர்பேக். எங்கள் ஃபுட்பாலில் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எதிராளிகள் அவனை மண்ணில் சாய்ப்பதற்குள் முன்னால் ஓடுகிற சகாவுக்கு அதை எறிந்து சேர்க்க வேண்டும். மேற்கே ஒரு சின்னக் கல்லூரியில் இரண்டு வருஷம் ஆடியிருந்தான். எறிந்த பந்துகளில் பாதி சகாக்களுக்குப் போனது, கொஞ்சம் எதிராளிகளுக்குப் போனது, ஒன்றிரண்டு பேண்டு வாத்தியக்காரர்களுக்கும் போனது. அப்படிப்பட்டவனைத்தான் எங்கள் பல்கலைக்கழகம் எப்போதும் தேடிப் பிடிக்கும்.

வந்த அன்றே முடிவெட்ட என் கடைக்கு வந்தான். பிடரியில் இரண்டு சுழி இருந்தது. நல்ல அடர்த்தியான முடி.

"இவ்வளவு தூரம் எதுக்குப்பா வந்தே?" என்று கேட்டேன்.

"எங்கப்பாவுக்காக, லெஸ்டர். மாட்டு லாரி ஓட்டறார். சனிக்கிழமைதான் சந்தை, அதனால நான் ஆடி ஒரு ஆட்டம்கூட நேர்ல பாத்ததில்ல. இப்ப சர்க்கரை வியாதி வந்து கண்ணு போயிட்டிருக்கு. டாக்டர் ஒரு வருஷம்னு சொல்லிட்டார். லாரியை வித்துட்டார். பெரிய மைதானத்துல நான் எறியறதை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்ங்கறார்."

"பாத்துடலாம். செப்டம்பர்ல ஆட்டம் ஆரம்பிச்சுடுமே" என்றேன். அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் அவனை ஊருக்கு அறிமுகப்படுத்தும் விழா. பெரிய கூடத்தில் மிளகாய்க் குழம்பும் பட்டை ரொட்டியும் வைத்திருந்தார்கள். டிராக்டர் வியாபாரி ஓட்டிஸ் பிரம்லி முன்வரிசையில் இருந்தார். குவார்ட்டர்பேக்குகளை வாங்கித் தரும் ரசிகர் நிதிக்கு அவர்தான் தலைவர். கோச் விட்லாக் மேடையேறினார்.

"இந்தப் பையன் இன்னிக்கு எப்படி எறியறான்னு என்னைக் கேக்காதீங்க. சுமாராத்தான் எறியறான். அதுக்காகத்தானே கூட்டிட்டு வந்திருக்கோம்! நல்லா எறியறவன்கிட்ட என்ன இருக்கு? இருக்கறதுதான் இருக்கு. ஆனா இவன்கிட்ட இல்லாதது எவ்வளவு இருக்குன்னு பாருங்க!"

கூடம் எழுந்து நின்றது. பிரம்லி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேட் மட்டும் கையில் ரொட்டியோடு, யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியாதவன்போல் உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரமே ரயிலடியில் இருக்கிற தானியக் கிடங்கின் சுவரில் அவன் முகத்தை வரைந்தார்கள். ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கின் முகமும் அங்கேதான் வரும், முந்தையவன் முகத்தின் மேலேயே. பெயிண்ட் அவ்வளவு மலிவு. மழை பெய்து சுவர் நனைந்தால் வேட்டின் நெற்றியில் இன்னொருவனுடைய கண்கள் தெரியும்.

அந்தக் கண்கள் ப்ரெண்ட் ஆல்காட் என்ற பையனுடையவை. இரண்டு வருஷத்துக்கு முன் அவசரப்பட்டு அவனை ஆட்டத்தில் இறக்கிவிட்டார்கள். பருவம் முழுக்க ஆடினான். ஆடி முடித்ததும் அவன் எவ்வளவுதான் எறிவான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய அவமானம் எங்கள் ஊரில் இல்லை. ஒருநாள் அவன் அறை காலியாக இருந்தது. வண்டி மட்டும் வெளியே நின்றது. அவன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தத் தவறு மறுபடி நடக்கக் கூடாது என்றுதான் உள்ளாற்றல் துறையைத் தொடங்கினார்கள். வேதியியல் துறை இருந்த கட்டடத்தைக் காலி பண்ணி அதில் வைத்தார்கள். இயக்குநர் டாக்டர் பெங்க்ஸ்டன் என்ற அம்மாள். ஒருவன் எவ்வளவு முன்னேறக்கூடும் என்பதை அவர் அளந்து சொல்வார். அந்த அளவு மைதானத்தின் பெரிய பலகையில் இரவும் பகலும் எரியும். வேட் வந்தபோது எண்பத்தொன்பது சதவீதம்.

முதல் நாள் பயிற்சியில் பையன் நன்றாக எறிந்துவிட்டான். தாறுமாறாக அல்ல, அழகாக, ஒன்றன்பின் ஒன்றாக சகாக்களின் நெஞ்சுக்கு நேராக எறிந்தான். பலகையில் அளவு எண்பதானது, அறுபதானது, இன்னும் இறங்கியது. வேலிக்கு வெளியே நின்றிருந்த நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டோம்.

"யாருடா அவனை நல்லா எறிய விட்டது?" என்று விட்லாக் கத்திக்கொண்டே ஓடினார். "மகனே, நிறுத்து! எல்லாத்தையும் இன்னிக்கே காலி பண்ணிடாதே!"

"கோச், நான் முன்னேறிட்டுத்தானே இருக்கேன்?"

"அதான் பிரச்சினை!"

டாக்டர் பெங்க்ஸ்டன் பிரம்லியை வேலியோரமாக அழைத்துப் போய் விளக்கியதை நான் காதால் கேட்டேன். "ஆற்றல்ங்கறது அணைக்கட்டுத் தண்ணி மாதிரி, மிஸ்டர் பிரம்லி. மதகைத் திறந்து விட்டாப் பாக்க ஜோரா இருக்கும். அப்புறம் அடியில செத்த மீன்தான் கெடக்கும். எங்க துறையோட வேலை மதகுக்குப் பூட்டுப் போடறது."

"அப்ப போடுங்கம்மா" என்றார் பிரம்லி.

மறுநாள் முதல் பையனை இடது கையால் எறியச் சொன்னார்கள். பந்து அவன் காலடியிலேயே விழுந்தது. அளவு தொண்ணூற்றாறுக்கு ஏறியது. சர்ச்சில் அந்த ஞாயிறு விசேஷப் பிரார்த்தனை நடந்தது.

பயிற்சியில் குவார்ட்டர்பேக்குக்குச் சிவப்புச் சட்டை கொடுப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். சிவப்புச் சட்டைக்காரனை சகாக்கள் யாரும் தள்ளக் கூடாது, தொடக் கூடாது, அடிபட்டுவிடுவான். மற்ற ஊர்களில் பயிற்சி முடிந்ததும் அதைக் கழற்றிவிடுவார்கள். எங்கள் துறை இன்னும் கொஞ்சம் ஆழமாக யோசித்தது. பயிற்சியில் தொட்டால் அடிபடும் என்றால் கடைத்தெருவில் தொட்டால் படாதா?

ஒரு நாள் என் கடைக்கு துறையின் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்தார்கள்.

"டாலிவரை இனிமே நீங்க தொடக்கூடாது."

"தொடாம எப்படி முடி வெட்டறது?"

"முடியும் அவரோடதுதானே" என்றார் ஒருவர். கத்தரிக்கோலை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவன் எங்கே போனாலும் அந்தச் சட்டைதான். சர்ச்சில் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கும் நேரத்தில் வேட்டுக்கு மட்டும் தூர இருந்து தலையசைத்தார்கள். ஒரு பெண் அவனோடு பேசிப் பழக ஆரம்பித்தாள்; அவளை வேறு வகுப்புக்கு மாற்றினார்கள். மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை மேசையில் வைத்துத் தள்ளிவிட்டார்கள். ஜூலையில் முடி காதை மூடியது.

"சீப்பையாவது குடுங்க, லெஸ்டர். நானே சீவிக்கறேன்" என்பான். சீப்பை மேசையில் வைத்துவிட்டு நான் ஒதுங்கி நிற்பேன்.

ஆகஸ்டில் ஒருமுறை டோபி ரென்ஷாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். டோபியும் குவார்ட்டர்பேக்தான். அவன் முகம் கிடங்குச் சுவரில் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறதென்று எனக்கே நினைவில்லை. நெஞ்சு வரை தாடி, அதில் பாதி வெள்ளை. அதே சிவப்புச் சட்டை, துவைத்துத் துவைத்து ரோஜா நிறமாகியிருந்தது. இரண்டு பேரும் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"உங்களுக்கு என்ன வயசு?" என்று வேட் கேட்டான்.

"அணிக் கணக்குலயா?" என்றான் டோபி. "அணிக் கணக்குல நான் ரெண்டாவது வருஷ மாணவன். ஒருத்தன் மொத்தம் நாலு வருஷம்தான் ஆடலாம், ஆனா ஆட்டத்துல இறங்காத வருஷம் கணக்குல வராது தம்பி. சட்டமே அப்படித்தான். இறங்கினாத்தானே வருஷம் கழியும்? நான் இறங்கவே இல்லையே!"

"அப்ப எப்ப இறங்குவீங்க?"

"இவ்வளவு சேத்து வெச்சுட்டு, இப்பப் போய் இறங்கி வீணாக்கச் சொல்றியா?"

"வேற காலேஜுக்குப் போயிருக்கலாமே."

"போனேனே. ரெண்டு இடம் பாத்துட்டுத் திரும்பி வந்தேன். கதவெல்லாம் தெறந்துதான் இருக்கு. எந்தக் கதவுல நுழைஞ்சாலும் உள்ள இந்தச் சட்டையை மடிச்சு வெச்சிருக்கான்." டோபி கண்ணாடியில் தன் தாடியைப் பார்த்துக்கொண்டான். "ஒண்ணு சொல்றேன் கேளு. அப்பா அம்மாவைப் பத்தி அவங்ககிட்ட எதுவும் சொல்லிடாதே. அவசரம்னு தெரிஞ்சா பயந்துடுவாங்க. அவசரப்படறவன் இறங்கிடுவான்னு பயம்."

வேட் ஏற்கெனவே சொல்லிவிட்டான் என்று அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. ஆடுவதற்கு யார் யாரையோ இறக்கினார்கள். சம்பளமில்லாமல் தானாக வந்து சேர்ந்த பையன்கள். எதிராளிகள் ஒவ்வொருவனாகச் சாய்க்கச் சாய்க்க, எங்கள் ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். அந்தப் பையன்களின் பெயரை அறிவிப்பாளரே சரியாகச் சொல்லமாட்டார். நாங்கள் தோற்றோம், மறுபடி தோற்றோம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எண்பதாயிரம் தலைகள் ஓரத்தில் நிற்கும் சிவப்புச் சட்டையின் பக்கம் திரும்பும். பலகையில் தொண்ணூற்றேழு. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவோம். அவன் மட்டும் இறங்கியிருந்தால்!

நவம்பரில் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு டுவைட் டாலிவர் வந்தார். காலையில் நேராக என் கடைக்கு வந்துவிட்டார். மகன் சொல்லியிருப்பான் போல. தடித்த கண்ணாடி, மாட்டுச் சந்தைத் தொப்பி.

"முழுச் சவரம் பண்ணுங்க, லெஸ்டர். இன்னிக்குப் பையன் என்னைப் பாப்பான்."

"கண்ணு எப்படி இருக்கு?"

"நடுவுல கறுப்பு. ஓரத்துல கொஞ்சம் தெரியுது. பந்து பெருசாத்தானே இருக்கும்? பாத்துடுவேன்."

சவரம் முடிந்து, பின்கழுத்துக்கு நேராகக் கண்ணாடி பிடித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்து, நல்லா இருக்கு என்றார். கடையைப் பூட்டிவிட்டு நானே அவரை அழைத்துப் போனேன். மைதானத்துக்கு வெளியே சாசேஜ் சுடும் புகை. வீரர்கள் வரிசையாக உள்ளே போகும் வழியில் வேட் வந்தான். முடி தோளைத் தொட்டிருந்தது.

"அப்பா!"

டுவைட் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் போனார். கோட்டுப் போட்ட ஆள் அவரை நெஞ்சில் கை வைத்து நிறுத்தினார். "சிவப்புச் சட்டை போட்டிருக்கார், ஸார்."

"அவன் என் பையன்ப்பா."

"தெரியும் ஸார். ஆட்டம் முடிஞ்சு கையசைக்கலாம்."

மகனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். டுவைட் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார்.

அன்றைக்குக் குளிர் அதிகம். கடைசிக் கால் மணி நேரத்தில், இறங்கியிருந்த மூன்றாவது பையனையும் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிராளிகள் நான்கு புள்ளி முன்னால். பந்தைக் கையில் வாங்க ஆளில்லை. விட்லாக் பெஞ்சைப் பார்த்தார். அங்கே டோபியும் வேட்டும்தான் இருந்தார்கள். டோபி தரையைப் பார்த்துக்கொண்டான்.

வேட் எழுந்தான். சிவப்புச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றி டோபியின் மடியில் போட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் உள்ளே ஓடினான்.

எண்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். "வேண்டாம்" என்று எனக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் அழுதாள். பிரம்லி தன் இருக்கையில் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார்: "அவனை நிறுத்துங்க! அதெல்லாம் எங்களோடது!"

"என்ன நடக்குது, லெஸ்டர்?" டுவைட் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பையன் இறங்கியிருக்கான்."

பந்து அவன் கைக்கு வந்தது. இரண்டு தடியர்கள் அவனை நோக்கி வந்தார்கள். வலது கையால் எறிந்தான். நான் ஐம்பது வருஷமாக இந்த மைதானத்துக்கு வருகிறேன், அப்படி ஒரு எறியைப் பார்த்ததில்லை. பந்து விளக்குகளுக்கு மேலே ஏறியது, சுழன்றுகொண்டே அவசரமில்லாமல் இறங்கியது, ஓடிக்கொண்டிருந்தவனின் இரண்டு கைக்கும் நடுவே போய் உட்கார்ந்தது. அவன் கடைசிக் கோட்டைத் தாண்டினான், ஆறு புள்ளி.

டுவைட் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வாயைத் திறந்தபடி நின்றார். "பாத்தேன்! பந்து மேல போச்சு. அவன்தானே எறிஞ்சான்? பாத்தேன் லெஸ்டர்!"

அப்போதுதான் மைதானத்தின் நடுவே ஒரு மஞ்சள் துணி கிடப்பதை எல்லோரும் பார்த்தோம்.

எங்கள் அணியிலேயே ஒருவன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்திருந்தான். சும்மா இழுக்கவில்லை, நடுவர் பார்க்கும்படி இழுத்திருந்தான். விட்லாக் ஓரத்தில் நின்று தன் சட்டையைத் தானே பிடித்து இழுத்துக் காட்டி ஜாடை பண்ணிக்கொண்டிருந்ததை, சைகை நின்ற பிறகுதான் நான் புரிந்துகொண்டேன். தப்பாட்டத்துக்கு நடுவர் எறிகிற கொடிதான் அந்த மஞ்சள் துணி; அது விழுந்தால் அந்த எறி செல்லாது. நடுவர் ஒலிபெருக்கியில் சொன்னார்: இந்த எறி நடக்கவில்லை. பந்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள்.

பிறகு எண்பதாயிரம் பேரும் குதித்தார்கள், கட்டிக்கொண்டார்கள். எங்கள் வரலாற்றில் எந்தப் புள்ளிக்கும் அப்படி ஆரவாரம் எழுந்ததில்லை. வேட் இறங்கவில்லை. வருஷம் பத்திரம். கோட்டுக்காரர்கள் நான்கு பேர் ஒரு போர்வையை விரித்துக்கொண்டு, கை படாமல் அவனைச் சுற்றி வளைத்து வெளியே கொண்டுபோனார்கள். போர்வைக்குள்ளிருந்து அவன் குரல் மட்டும் கேட்டது. "அப்பா, பாத்தீங்களா?" மிச்ச ஆட்டத்தில் யாரோ ஒருவன் பந்தை வாங்கி வாங்கி மண்டியிட்டே நேரத்தைப் போக்க, தோற்றோம்.

டாக்டர் பெங்க்ஸ்டன் படியேறி எங்கள் வரிசைக்கு வந்தார். மிகவும் மரியாதையான பெண்மணி.

"மிஸ்டர் டாலிவர், நீங்க எதையாவது பாத்ததா நினைக்கறீங்களா?"

"பாத்தேனேம்மா. என் பையன் எறிஞ்சான்."

"அது நடக்கலை, ஸார். பதிவுல இருந்தும் எடுத்துட்டோம். நீங்க பாத்தேன்னு ஊர்ல சொன்னா, நடந்ததா ஆயிடும். நடந்ததா ஆனா அவர் இறங்கினதா ஆயிடும். ப்ரெண்ட் ஆல்காட்னு ஒரு பையன் இருந்தார், தெரியுமா?"

"தெரியாது."

"பாத்தீங்களா!" என்று புன்னகைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அது போன வருஷம். இந்த அக்டோபரில் டுவைட் மறுபடி வந்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக் கடை வாசல் வரை கொண்டுவந்து விட்டுப் போனார். கண்ணாடி இல்லை, கையில் வெள்ளைக் கோல் இருந்தது. நாற்காலியில் உட்கார வைத்தேன். டாலிவர் குடும்பத்தில் எனக்குத் தொட அனுமதி உள்ளவர் அவர் ஒருவர்தான். அடுத்த நாற்காலியில் கோச் விட்லாக், முகத்தில் சூடான துண்டோடு சாய்ந்திருந்தார். துண்டு இருந்தாலும் காது வெளியேதான் இருந்தது.

மைதானத்திலிருந்து ஒரு ஆரவாரம் வந்தது. ஆட்டமில்லாத நாளிலும் வேட் முழு முகத்தையும் மறைத்த தாடியோடு ஓரமாக நின்று கையசைக்கும் நேரம் அது. தொண்ணூற்றொன்பதாகிவிட்டது.

"இறங்கிட்டானா?" என்று கேட்டார் டுவைட்.

"சும்மா கையசைக்கறான். அடுத்த வருஷம் கட்டாயம்ங்கறாங்க."

"அவனுக்கென்ன, வருஷம் கணக்குல வராதாம். எனக்குத்தான் வந்துடுச்சு." சிரித்தார். நான் நுரையைப் பூசினேன். தாழ்ந்த குரலில் கேட்டார். "லெஸ்டர், ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். அன்னிக்கு நீங்க பக்கத்துல இருந்தீங்க. இருட்டுல உக்காந்துட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான் பாத்தேன் இல்லையா? அவன் எறிஞ்சான், பந்து மேல போச்சு. இல்லையா?"

பக்கத்து நாற்காலியில் துண்டு அசையவில்லை. கத்தி டுவைட்டின் தொண்டையருகில் இருந்ததால் நான் மெதுவாக எடுத்துத் துடைத்தேன்.

"கொடி விழுந்துச்சே, டுவைட்" என்றேன்.

"ஆமாமா. கொடி விழுந்துச்சு" என்று தலையாட்டினார்.

மிச்சச் சவரத்தை முடித்து, தோளில் கிடந்த முடியைத் தட்டிவிட்டேன். பிறகு கை பழக்கத்தில் கண்ணாடியை எடுத்து, பின்கழுத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.